தேனீத் தீட்டு

சர்க்கார் என்று ஒன்று இருந்தால் அதற்கு இலாகாக்கள் வேண்டும். காட்டு மரத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, சாராயத்துக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என்று சமஸ்தானத்தில் ஏற்கெனவே இருந்தன. கொல்லம் ஆயிரத்து நூறாம் ஆண்டில், அதாவது வெள்ளைக்காரன் கணக்குப்படி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து வாக்கில், இன்னும் எதற்கு இலாகா இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவானின் ஜன்னல் வழியே தேனீ ஒன்று பறந்து போயிற்று. ஈ பரிபாலன இலாகா அப்படித்தான் பிறந்தது.

அதற்குச் சூப்பிரண்டாக வந்தவர் தாணுலிங்கம் பிள்ளை. அதுவரை யானைப் பந்தியில் ஓலைக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். யானையையே நிர்வகித்தவருக்கு ஈ எம்மாத்திரம் என்று மேலிடம் நினைத்தது. அவரும் அப்படியே நினைத்தார். வந்த முதல் வாரத்தில் நாட்டுத் தேனீ ஒன்று அவர் காதில் கொட்டியது. அதோடு அவருக்கு நாட்டுத் தேனீயைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. சீமையிலிருந்து இத்தாலி ஈ வரவழைப்பது என்று தீர்மானமாயிற்று.

தோவாளை மலையடிவாரத்தில் கூவைவிளை என்று ஒரு சிற்றூர். இத்தாலி ஈக்கு மாதிரிப் பண்ணை போட அந்த ஊரைத்தான் பிடித்தார்கள். பண்ணைக்கும் அடுத்த விளைக்கும் நடுவே ஒரு கைப்பிடிச் சுவர்தான். அடுத்த விளை, அதாவது தோட்டம், ஆபேலுடையது.

ஆபேல் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனிதன். நன்மையும் பெரிதாக ஒன்றும் நினைத்ததில்லை, அதற்கெல்லாம் அவனுக்கு நேரம் இருந்ததில்லை. தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். வேதக்கோயிலுக்கு உள்ளே அவனை ஆலயமணி அடித்துக் கூப்பிட்டார்கள். கோயிலுக்கு வெளியே, சர்க்கார் ரோட்டில், எதிரே பெரிய மனுஷன் வண்டி வந்தால் பழையபடி ஓடையில் இறங்கி நிற்கத்தான் வேண்டியிருந்தது. அது அவனுக்குக் கையைக் கழுவுவதுபோல் பழகிப்போயிருந்தது.

அவன் விளையில் பிலா மரத்தடியிலும் சுவரோரத்திலுமாக ஏழெட்டு மண்பானைகள் கவிழ்ந்து கிடந்தன. மலையிலிருந்து தாமாக வந்து குடியேறிய கறுத்த சின்ன ஈக்கள் அவற்றில் வாழ்ந்தன. பூசணியும் பாகலும் காய்த்துத் தொங்குவது அந்த ஈக்களால்தான் என்பது அவன் மனைவி நேசம்மாளின் கட்சி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காலையில் ஆபேல் பானைகளின் பக்கம் போய்க் குனிந்து, ‘எல்லாரும் எந்திச்சாச்சா’ என்று கேட்பான். கேலி செய்தவர்களும் உண்டு. அவன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், அந்த ஈக்கள் மேல் அவனுக்கு உயிர்.

இத்தாலி ஈக்கள் கப்பலில் வந்து, ரயிலேறி, எல்லைச் சுங்கச் சவுக்கை தாண்டி, வில்வண்டியில் கூவைவிளைக்கு வந்தன. நாகஸ்வரம் வைத்திருந்தார்கள். குருத்தோலைத் தோரணம், குத்துவிளக்கு, தோவாளைப் பிச்சிப்பூ மாலை. ஒவ்வொரு பெட்டிக்கும் சூப்பிரண்டு தம் கையாலேயே மாலை போட்டார். ஊர் ஜனங்களை வேலிக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள். ஆபேல் அதற்கும் அப்பால் நின்றான். சூப்பிரண்டு மேடையேறிப் பேசினார்.

“நமது நாட்டு ஈ கறுப்பு. குள்ளம். முன்கோபி. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டை விட்டு ஓடிப்போகும் சுபாவம் உடையது. சீமை ஈயோ பொன் நிறம். குலம் உடையது. ஒரு ராணிக்கு அடங்கி நடப்பது. சர்க்காரை மதிக்கிற ஒரு ஈயை நான் இன்றுதான் பார்க்கிறேன்.”

நாட்டு ஈக்கும் ஒரு ராணிதான் என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. கைதட்டினார்கள். பெட்டிகளைத் திறந்தபோது சர்க்காரை மதிக்கும் ஈக்களில் பாதி எழுந்திருக்கவில்லை. மீதி வயிறு ஊதி, சிறகு நடுங்கி, பெட்டி முகப்பில் நடந்தன. பெட்டியெங்கும் காவி நிறத்தில் கழிச்சல் கோடுகள். கப்பல் மயக்கம் என்றார் சூப்பிரண்டு. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் மாற்றம் என்றார். சுக்குக் கஷாயம் வைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டி வாசலில் வைத்தார்கள்.

நடந்தது என்னவென்றால், நோய் கப்பலிலேயே ஏறி வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சீமைக் கிருமி. குற்றுயிராய்க் கிடக்கிற வீட்டில் தேன் கேட்பாரற்றுக் கிடந்தால் எந்த ஈதான் விடும்? ஆபேலின் ஈக்கள் சுவரைத் தாண்டிப் போய்ச் சீமைத் தேனைச் சுமந்து வந்தன. தேனோடு அதுவும் வந்தது. மாதம் திரும்புவதற்குள் பிலா மரத்தடியில் கறுத்த ஈக்கள் வயிறு ஊதித் தரையில் ஊர்ந்தன. எறும்பு அவற்றை உயிரோடு இழுத்துப் போயிற்று. ஆபேல் குனிந்து கேட்டபோது ஒரு பானையிலிருந்து சத்தமே வரவில்லை.

அவன் ஓடிப்போய் இலாகாக் கச்சேரியின் முற்றத்துக்கு வெளியே நின்றான். உள்ளே போகிற வழக்கம் இல்லை. சூப்பிரண்டு ஜன்னலுக்கு வந்தார். ஆபேல் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கடைசியில் உண்மை வெளிவந்துவிட்டதே என்று பெருமூச்சு விட்டார். இலாகாவின் ஈக்கள் எதனால் செத்தன என்று அவருக்கு இப்போதுதான் விளங்கிற்று. ஆபேலின் பானையிலிருந்து தொற்றியிருக்கிறது. அந்த நிமிஷமே நோய்க்குப் பெயரும் வைத்துவிட்டார்: நாட்டுக் கழிச்சல்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக இருக்கிறதே என்று ஆபேலுக்குத் தோன்றியது. ஆனாலும் பணிவாகத்தான் கேட்டான்.

“ஏமானே, எனக்க ஈக்கு இப்பந்தான் வயிறு போவுது. அதுக்கு வந்த அண்ணைக்கே போச்சே.”

“தீட்டுக்கு முன்னப் பின்ன கெடையாது, ஆபேலே. நோய்ங்கது தீட்டாக்கும். தீட்டு கீழ இருந்து மேலதான் ஏறும், மேல இருந்து கீழ எறங்காது. நான் தொட்டு நீ என்னைக்காவது குளிச்சிருக்கியா?”

“இல்ல ஏமானே.”

“நீ கிட்ட வந்து நான் எத்தனை தடவை குளிச்சிருக்கேன். இதுக்கு மேல சாஸ்திரம் வேணுமா?”

ஆபேல் யோசித்துப் பார்த்தான். அவர் குளித்தது உண்மைதான். எங்கேயோ இடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நேசம்மாளிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆளுக்குக் காதில் கொட்டின ஈ நாக்கில் கொட்டியிருக்கலாம் என்றாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. சீமை ஈ போகும் வழியில் நாட்டு ஈ குறுக்கே வரக்கூடாது. மனுஷருக்குள் ஜாதிக்கு இத்தனை அடி தூரம் என்று இருந்த அடிக்கணக்கையே ஈக்கும் வைத்தார்கள். ஈ சின்ன ஜீவன்தானே, தூரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று ஒரு குமாஸ்தா கேட்டார். தீட்டு உடம்பின் அளவில் இல்லை, குலத்தில் இருக்கிறது என்று சூப்பிரண்டு அவரைத் திருத்தினார். ஈக்குக் குலம் உண்டு, ஈக்குத் தீட்டு உண்டு என்று உத்தரவின் முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பூக்களையும் பிரித்தார்கள். செண்பகமும் தாமரையும் சீமை ஈக்கு. தும்பையும் எருக்கும் நாட்டு ஈக்கு. தென்னம்பூ விஷயம் மேலிடத்தின் ஆலோசனையில் இருந்தது.

உத்தரவு போட்டால் போதுமா? அமல்படுத்த ஆள் வேண்டும். பகவதியப்பன் என்று ஒரு கிழட்டுப் பியூனைக் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு பெரிய வீட்டுப் பல்லக்குக்கு முன்னால் ‘ஹோய், ஹோய், விலகு’ என்று கத்திக்கொண்டே ஓடியவர். பல்லக்கு போய் மோட்டார் வந்ததும் அவருக்கு வேலை போயிற்று. மோட்டாருக்கு முன்னால் ஓட முடியவில்லை. தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. சீமை ஈ காலையில் வெளியே கிளம்பும்போது அதற்கு முன்னால் கத்திக்கொண்டே ஓட வேண்டும் என்றார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பல்லக்கை விட இது கனம் குறைந்த மரியாதை என்றுதான் நினைத்திருப்பார்.

பாவம், பல்லக்கு ரோட்டில் போகும். ஈ போகுமா? அது வாழைத்தோட்டத்தில் இறங்கும், மரச்சீனிக் கிழங்குக் கொல்லையில் ஏறும், ஒரே பூவைச் சுற்றிச் சுற்றி வரும். பகவதியப்பன் ‘ஹோய், ஹோய்’ என்று வரப்பில் விழுந்து எழுந்து ஓடினார். இரண்டு ஜாதி ஈயும் அவரைக் கொட்டின. அந்த ஒரு காரியத்தில் அவை தூரம் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் கூச்சலைக் கேட்டு ஒரு ஈ கூட விலகவில்லை. விலகியவர்கள் மனுஷர்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள், ஓடையில் துணி துவைத்தவர்கள், சந்தைக்குச் சுமையோடு போனவர்கள் எல்லாரும் பிறந்தது முதல் கேட்ட சத்தம் ஆயிற்றே. காதில் விழுந்ததும் கால் தானாகப் புதருக்குள் போயிற்று. ஒருநாள் ஆபேல் தன் சொந்த விளையில், தான் நட்ட பூசணிக்கொடி நடுவே, ஒரு சீமை ஈக்கு வழிவிட்டு முள்ளுக்குள் ஒதுங்கி நின்றான். நேசம்மாள் பார்த்துவிட்டாள்.

“இஞ்சேருங்க, அது ஈயாக்கும். மனுசன் ஈக்கு வெலகியா நிப்பான்?”

“சத்தம் கேட்டுட்டுல்லா பிள்ளே” என்றான் ஆபேல். முள்ளை எடுக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பகவதியப்பனுக்கும் ஆபேலிடம் ஒரு வருத்தம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உன் ஈக்களிடம் நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, எனக்கு மூச்சு வாங்குகிறது என்று கெஞ்சினார். நான் விலகுவேன், அதுகள் விலக வேண்டுமே என்றான் ஆபேல். இதற்கிடையில் பானைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிக்கொண்டிருந்தன.

இலாகாவின் பெட்டிகளும் அடங்கிக்கொண்டுதான் இருந்தன. மேலிடம் காரணம் கேட்டது. சூப்பிரண்டு பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரைப் பூதக்கண்ணாடியோடு வரவழைத்தார். டாக்டர் சீமை ஈ ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தார், ஆபேலின் ஈ ஒன்றையும் கீறிப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கிருமிதான், இது இந்த நாட்டுக் கிருமியே அல்ல, சீமையிலிருந்து வந்தது, இங்கத்திய ஈக்கு இதைத் தாங்கும் பழக்கம் கிடையாது, பெட்டிகளை உடனே கொளுத்துங்கள், மிஞ்சிய நாட்டு ஈயைப் பக்கத்திலேயே விடாதீர்கள் என்று படபடவென்று சொன்னார். அவருக்கு மோட்டார் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

சூப்பிரண்டு அவ்வளவையும் கேட்டார். அவர் மனதில் தங்கியது ஒன்றுதான். கிருமி சீமையிலிருந்து வந்தது. அவருடைய கண்ணாடிக்குள் ஓர் ஒளி தெரிந்தது. பெட்டியை வாங்கியது யார்? சர்க்கார். அப்படியானால் பெட்டிக்குள் இருந்த ஈ சர்க்காருடையது, மெழுகு சர்க்காருடையது, ஈயின் வயிற்றுக்குள் இருந்த கிருமியும் சர்க்காருடையது. காட்டில் நிற்கிற ஈட்டி மரம் எப்படி ராஜாவின் சொத்தோ அப்படி. அந்தச் சர்க்கார் கிருமி ஆபேலின் ஈயின் வயிற்றுக்குள் எப்படிப் போயிற்று?

“களவு” என்றார் சூப்பிரண்டு. “டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. ஒரே கிருமி. அடையாளமும் பார்த்தாகிவிட்டது.”

நோய் கீழிருந்து மேலே ஏறும் என்று எழுதியிருக்கிறோமே, இப்போது மேலிருந்து கீழே போனதாக ஆகிறதே என்று அதே குமாஸ்தா தயங்கித் தயங்கிக் கேட்டார். தானாக இறங்காது என்றுதான் எழுதினோம், திருடிக்கொண்டு போனால் எது வேண்டுமானாலும் இறங்கும் என்றார் சூப்பிரண்டு. குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார்.

ஆபேலுக்கு ஆள் வந்தது. சர்க்கார் முதலாகிய கிருமியை அனுமதியின்றி வைத்திருப்பதால், அதைக் குறைவில்லாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆபேல் விழித்தான். கிருமி எப்படி இருக்கும் என்று வந்தவனிடம் கேட்டான். வந்தவனும் பார்த்ததில்லை. நேசம்மாள் செத்த ஈக்களையெல்லாம் கூட்டி அள்ளி ஓலைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். போடும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆபேல் அதைத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கச்சேரிக்கு வெளியே ஆலமரத்தடியில் இறக்கினான். ‘களவுத் தொண்டிமுதல் வந்துவிட்டது’ என்று உள்ளே சத்தம் கேட்டது. தராசில் நிறுத்தார்கள். ஈயின் எடையைக் கழித்துக் கிருமியின் எடையை எப்படிக் காண்பது என்பதில் மத்தியானச் சாப்பாடு வரை தர்க்கம் நடந்தது.

நிறுத்துப் பார்த்ததில் குறைவதாக முடிவாயிற்று. ஆபேலிடம் இன்னும் ஏதோ இருக்கிறது.

இருந்தது. விளையின் மேல்கோடியில், சின்ன ஓடைக்கு அப்பால், பாறை இடுக்கில் ஒரு பானை. கழிச்சல் தொடங்கியபோது நேசம்மாள்தான் அதை அங்கே கொண்டுபோய் வைத்தாள். பெரிய யோசனை ஒன்றும் இல்லை, பிலா மரத்தடி ராசி இல்லாமல் போயிற்று என்ற எண்ணம், அவ்வளவுதான். அந்தப் பானை மட்டும் நல்லபடியாக இருந்தது. காலை வெயிலில் வாய்ப்பக்கம் ஈக்கள் போவதும் வருவதும் கேட்டால் ஆபேலுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருக்கும். உலகத்தில் அவனுக்கென்று மிஞ்சியது அதுதான்.

வேறு பானை உண்டா என்று கேட்டதற்கு ஆபேல் தலையாட்டியிருந்தான். சூப்பிரண்டின் புதிய உத்தரவு அந்தப் பானையைப் பற்றியது. அதை ஜப்தி செய்து, மாதிரிப் பண்ணைக்குள் சீமைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து, காவல் போட வேண்டும். திருடிய கிருமியை ஈக்கள் தாமாகவே திருப்பிக் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் அளிக்கிறோம் என்று அதற்கு விளக்கம் வேறு. அங்கே போனால் அந்தப் பானையும் போயிற்று என்று பட்டணத்து டாக்டர் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும். கச்சேரிக்கு மட்டும்தான் தெரியாது.

பானையை மலைக்குத் தூக்கிப்போய் ஒளித்துவிடு என்றாள் நேசம்மாள். ஆபேலுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. சர்க்காரிடம் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கம் இல்லை, உண்மை சொல்லியும் பழக்கம் இல்லை, கேட்டால் தலையாட்டித்தான் பழக்கம். அவன் ஊர் உபதேசியார் சத்தியநேசனிடம் போய் அழுதான். ஜெபம் பண்ணுவோம் என்றார் அவர். பண்ணினார்கள்.

ஜப்திக்கு வந்த நாள் காலையில் ஆபேல் விளையின் வேலி வாசலான கடவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பல நாளாக மழிக்கவில்லை. சூப்பிரண்டு, குமாஸ்தா, பகவதியப்பன், பானை தூக்க இரண்டு ஆள் என்று எல்லாரும் வந்தார்கள். சூப்பிரண்டு சந்தோஷமாக இருந்தார். அடுத்த வாரம் கோயில் தேரோட்டம், வடம் தொட்டுக் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். அதற்காக விரதம் இருந்தார். ஆபேல் வழிவிட்டு எழுந்தான். அவர் ஒரு காலைக் கடவுக்குள் எடுத்து வைத்தவர், அவன் கோலத்தைப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

“வீட்ல சாவு ஏமானே.”

ஆபேல் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்ததைச் சொன்னான். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் பின்னால் குதித்தார்கள். பானை தூக்க வந்தவர்கள் ரோட்டுக்கே போய்விட்டார்கள். சாவு வீட்டுத் தீட்டுக்குப் புலை என்று பெயர். புலை வீட்டுக்குள் காலை வைத்தவர் தேர்வடத்தைத் தொட முடியாது. சூப்பிரண்டு வைத்த காலைப் பார்த்தார். அது உள்ளேதான் இருந்தது. மெல்ல எடுத்தார்.

“யாருடே செத்தது?”

“எனக்க ஈ. பானை பானையாப் போச்சு. ஒத்தப் பானைதான் கெடக்கு” என்றான் ஆபேல். சொல்லும்போது தேம்பி அழுதுவிட்டான்.

சூப்பிரண்டுக்கு உயிர் வந்தது. ஈக்கு ஏது புலை என்று சிரித்துக்கொண்டே காலை மறுபடியும் தூக்கினார். அப்போது குமாஸ்தா கனைத்தார். ஈக்குக் குலம் உண்டு, ஈக்குத் தீட்டு உண்டு என்று தாங்களே கையெழுத்திட்ட உத்தரவு இருக்கிறதே, உயிரோடு இருக்கும்போது தீட்டு உள்ள ஜீவனுக்குச் செத்தால் புலை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பல நாள் வாயடைத்து உட்கார்ந்திருந்த மனுஷன். அவர் குரலில் ஒரு குஷி இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

சூப்பிரண்டு தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. ஈக்குப் புலை இல்லையென்றால் ஈக்குத் தீட்டு இல்லை. தீட்டு இல்லையென்றால் பகவதியப்பனுக்கு வேலை இல்லை. பூப் பிரித்தது தப்பு, அடிக்கணக்கு தப்பு, சீமைப் பெட்டி செத்ததற்கு ஆபேல் காரணம் இல்லை. அப்படியானால் யார் காரணம்? இந்த இடத்தில் அவர் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

“புலை உண்டு” என்றார். காலைக் கீழே வைத்தார், வெளியே.

ஆனாலும் யானைப் பந்தியில் பழகிய மூளை சும்மா இருக்குமா? ஆபேல் வேதக்காரன், வேதக்காரருக்குப் புலை கிடையாது என்று பிடித்துக்கொண்டார். ஈ வேதத்தில் சேர்ந்ததா இல்லையா என்பது இப்போது கேள்வியாயிற்று. உபதேசியாரை அழைத்து வந்தார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார் சத்தியநேசன். இந்த ஈக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததுண்டா என்று சூப்பிரண்டு முறைப்படி விசாரித்தார்.

“நான் மனுசருக்குத்தான் குடுக்கது” என்றார் உபதேசியார். “அதுவும் கேட்டு வந்தாத்தான். இதுகள் ஒண்ணும் கேட்டு வரல்ல.”

ஞானஸ்நானம் இல்லை. மலையிலிருந்து வந்த ஈ, மலையின் பழைய முறைப்படியே இருக்கிறது. ஆகவே புலை உறுதி. எத்தனை நாள் என்பதுதான் பாக்கி. பதினாறு என்றார் குமாஸ்தா. தேர் போய்விடும், ஆனால் பானை எங்கே போய்விடும், பதினாறு கழித்து வருகிறோம் என்று சூப்பிரண்டு தேறிக்கொண்டு திரும்பினார்.

அதுவரை வாழை மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நேசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குச் சர்க்காரிடம் தலையாட்டிப் பழக்கம் இல்லை, அவளை யாரும் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

“இண்ணைக்குக் காலத்தயும் பானை வாயில ரெண்டு செத்துக் கெடந்துது ஏமானே. ஈன்னா தெனமும் ஒண்ணு ரெண்டு சாவும். வயசாவும்லா.”

குமாஸ்தா வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். இன்று செத்ததற்கு இன்றிலிருந்து பதினாறு. நாளை சாவதற்கு நாளையிலிருந்து பதினாறு. நாளை மறுநாள் சாவதற்கு அன்றிலிருந்து. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, நிற்கிற வழியாக இல்லை.

“அப்போ இது எப்பம்தான் தீரும்?” என்று கேட்டார் சூப்பிரண்டு. அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“சாவு தீரும்போ தீரும்” என்றாள் நேசம்மாள்.

சூப்பிரண்டு அன்று ஓடையில் உடுத்த வேஷ்டியோடு முங்கிக் குளித்தார். உள்ளே போனது ஒரு கால்தானே, அதை மட்டும் குளிப்பாட்டினால் போதாதா என்று யாரோ கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையை ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. தேர்வடத்தை வேறு யாரோ தொட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு கடைசி உத்தரவு வந்தது. ஆபேலின் விளையில் புலை நிலவுவதால், அது தீரும்வரை இலாகாவின் சிப்பந்திகளோ, பெட்டிகளோ, ஈக்களோ அந்தப் பக்கம் அணுகக்கூடாது. ஆபேலோ அவன் பொருளோ எதிரே வந்தால் சிப்பந்திகளே விலகிக்கொள்ள வேண்டும். பண்ணையை மலைக்குக் கீழே தூரத்தில் ஒரு மேட்டுக்கு மாற்றினார்கள். அங்கே மிச்சம் இருந்த சீமை ஈக்களும் செத்துத் தீர்ந்தன. காலிப் பெட்டிகளைச் சுற்றிக் காவல் இருந்தது, மாலை இருந்தது, கஷாயமும் இருந்தது. ஈ இல்லாத ஈ பரிபாலன இலாகா முன்னைவிட ஒழுங்காக நடந்ததாகவே கேள்வி.

ஆக, பட்டணத்து டாக்டர் படபடவென்று சொல்லி நடக்காத காரியம் சாவுத் தீட்டால் நடந்தது. சீமைக் கிருமி அந்தப் பாறை இடுக்குக்கு வரவே இல்லை. மார்கழிப் பனி விலகி மா பூத்தபோது பானை நிறைந்து ஒரு கூட்டம் தனியே பிரிந்தது. நேசம்மாள் புதுப்பானை ஒன்றைப் புகை காட்டி எடுத்து வைத்தாள்.

புலை தீர்ந்ததா என்று தினமும் வந்து பார்த்துப் போக பகவதியப்பனை வைத்திருந்தார்கள். ஒருநாள் காலையில் ஆபேல் தலையில் பூசணிக்காய்ச் சுமையோடு சந்தைக்குக் கிளம்பி ரோட்டுக்கு ஏறினான். எதிரே பகவதியப்பன் மார்பில் சர்க்கார் பித்தளை வில்லையோடு வந்துகொண்டிருந்தார். ஆபேலைக் கண்டதும் உத்தரவு ஞாபகம் வந்து, அவர் சட்டென்று ஓடையில் இறங்கி நின்றார். சர்க்கார் வில்லையைக் கண்டதும் பழக்கதோஷத்தில் ஆபேலும் இந்தப் பக்கத்து ஓடையில் இறங்கி நின்றான். நடுவே ரோடு காலியாகக் கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபேலின் கழுத்தில் சுமை அழுத்தியது.

“போயேம்டே” என்றார் பகவதியப்பன் ஓடைக்குள்ளிருந்து. “நான் ஏற முடியாதுல்லா. முட்டு வலிக்கி.”

ஆபேல் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கரையேறி ரோட்டுக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து நடந்தான்.